தனியாக நிற்கும் பிள்ளையோடு யார் நிற்பது?

(சங்கத்தின் மாதர் பிரிவும் தோட்டக் கமிட்டியும் சேர்ந்து நடத்திய பெற்றோர் கூட்டத்தில், ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான ஒருவர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், கிலோ, ஈ.பி.எப்., வீட்டுக்காணி என்றுதான் பேசுவோம். இந்த முறை பிள்ளைகளின் சண்டை சச்சரவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னபோது, "இதெல்லாம் சங்கம் பேச வேண்டிய விஷயமா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் நாட்டில் 5 வயதில் இருந்து 16 வயது வரை பிள்ளை பாடசாலைக்குப் போயே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் தரம் 6க்குப் பிறகு நம் பிள்ளைகள் சிலரின் பெயர் இடாப்பில் இருந்து மெல்ல மெல்லக் காணாமல் போகிறது. முதலில் திங்கட்கிழமை வராது. பிறகு வாரத்தில் இரண்டு நாள் வராது. பிறகு வரவே வராது. வீட்டில் போய்க் கேட்டால் "படிப்பு ஏறல சேர், நாங்க என்ன செய்ய?" என்பார்கள். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டால் சில நேரம் வேறு கதை வரும். "பக்கத்துல யாரும் உட்கார விட மாட்டாங்க." "என்னைய மட்டும் சேர்த்துக்க மாட்டாங்க." "பஸ்ஸுல ஏறினதும் பட்டப்பேரு சொல்லிச் சிரிப்பாங்க." படிப்பு வராததால் நின்ற பிள்ளை அல்ல அது. சேர்ந்து இருக்க ஆள் இல்லாததால் நின்ற பிள்ளை. அப்படி நின்ற பிள்ளையைத் தேடி யார் வருவார் என்று உங்களுக்குத் தெரியும். கொழும்பில் கடைக்கு, வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிறவர் வருவார். ஆகவே இது சங்கத்தின் விஷயம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகள் இரண்டு பேர் பீலிக்கரையில் அடித்துக்கொள்கிறார்கள். அன்று மாலை இரண்டு தாய்மார் வாசலில் நின்று சத்தம் போடுகிறார்கள். இரவு அப்பாமார் இறங்குகிறார்கள். மறுநாள் மேட்டு லயமும் பணிய லயமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் மூன்றாம் நாள் ஒன்றாகப் பந்து விளையாடுவார்கள். பெரியவர்களுக்கோ மூன்று வருடம் ஆனாலும் ஆறாது. அடுத்து நிறுவைக் குறைப்புக்கு எதிராகக் கொழுந்து மடுவத்தில் சேர்ந்து நிற்க வேண்டிய நாளில், பாதிப் பேர் ஒதுங்கி நிற்பார்கள். இதனால் லாபம் யாருக்கு என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

எந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை இனிச் சொல்கிறோம். எல்லாப் பிள்ளைகளும் சண்டை போடும். அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஒரே பலம் உள்ள இரண்டு பேர், இன்று ஒருவன் வெல்வான், நாளை மற்றவன் வெல்வான். அது சண்டை. ஒருவனை மட்டும் குறி வைத்து, ஒரு கூட்டமாகச் சேர்ந்து, திரும்பத் திரும்பச் செய்வது துன்புறுத்தல். அதைப் "பிள்ளைங்க விளையாட்டு" என்று விட்டுவிடக் கூடாது.

அடி உதை இல்லாத ஒரு வகையும் இருக்கிறது. யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை, ஆனால் பிள்ளை தனியாகவே இருக்கும். மற்றவர்கள் விளையாடுகிற இடத்துக்குப் போகும், எப்படிச் சேர்வது என்று தெரியாது. பந்தைப் பிடுங்கும், அல்லது ஓரத்தில் நிற்கும். கேலிக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் சட்டென்று அழும், சட்டென்று அடிக்கும். மற்றவர்களுக்கு அது வேடிக்கையாகிவிடும். அப்புறம் வேண்டுமென்றே சீண்டுவார்கள். இந்தப் பிள்ளைக்குத்தான் பெரியவர்களின் உதவி மிக அதிகமாகத் தேவை. ஆனால் "பிடிவாதக்காரன்", "திமிர் பிடிச்சது" என்று அதிகம் திட்டு வாங்குவதும் இந்தப் பிள்ளைதான்.

தரம் 5 வரை மட்டும் உள்ள தோட்டப் பாடசாலைகளில் இருந்து டவுன் பாடசாலைக்குப் போகும் வருடத்தில் இது கூடும். இங்கே பத்துப் பதினைந்து பேர் இருந்த வகுப்பில், எல்லாரும் மாமா மகன், சித்தி மகள். அங்கே நாற்பது பேர், ஒரு முகமும் தெரியாது. பேச்சைக் கேட்டதும், சப்பாத்தில் மண்ணைப் பார்த்ததும் "தோட்டக்காட்டான்" என்று ஒருவன் சொல்வான். இங்கே கெட்டிக்காரனாக இருந்த பிள்ளை அங்கே வாயைத் திறக்காது.

பிள்ளை வாயால் சொல்லாததை உடம்பு சொல்லும். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்று வலி வரும், பஸ் போனதும் வலி போய்விடும். வாரத்துக்கு இரண்டு பேனை தொலையும். குறுக்குப்பாதை இருக்க ரோட்டால் சுற்றி வரும். கட்டிக் கொடுத்த ரொட்டி அப்படியே திரும்பி வரும். நின்றிருந்த படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கும். வீட்டில் தங்கச்சியைப் போட்டு அடிக்கும். இதில் ஒன்று மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு மூன்று சேர்ந்து, இரண்டு வாரத்துக்கு மேல் போனால் விசாரிக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு முக்கியமான காரியம். காதையும் கண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். காதில் சீழ் வடிந்து, வைத்தியம் செய்யாமல் விட்ட பிள்ளைக்குக் காது மந்தமாகலாம். கூப்பிட்டால் திரும்பாது. நாம் திமிர் என்போம், மற்றப் பிள்ளைகள் "செவிடன்" என்பார்கள். பாடசாலையில் மருத்துவப் பரிசோதனை நடக்கும் நாளில் பிள்ளையை மறிக்காமல் அனுப்புங்கள். சில பிள்ளைகளுக்கு மற்றவர் முகத்தைப் பார்த்து மனதைப் புரிந்துகொள்வது பிறவியிலேயே கஷ்டமாக இருக்கும். செய்வினை என்று கோயில் கோயிலாக அலைவதோடு நிறுத்திவிட வேண்டாம். சாமி கும்பிடுங்கள், ஆனால் ஆஸ்பத்திரியிலும் காட்டுங்கள். சிறுவர் வைத்திய நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள்.

சரி, பிள்ளைக்குப் பிரச்சினை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

ஒரு தொழிலாளிக்கு அநியாயம் நடந்தால் சங்கம் என்ன செய்கிறது? முதலில் அவர் சொல்வதை முழுதாகக் கேட்கிறோம். என்றைக்கு, எந்த மலையில், யார் இருந்தார்கள் என்று எழுதிக்கொள்கிறோம். கங்காணியின் வீட்டு வாசலுக்குக் கத்தியோடு போவதில்லை. தலைவர் ஆபீசுக்குப் போய்ப் பேசுகிறார். பேசியது நடக்கிறதா என்று திரும்பப் பார்க்கிறோம். இந்த வழி நமக்குப் பழக்கமானது. பிள்ளைக்கும் இதே வழிதான்.

முதலில் கேட்பது. காலையில் விடிய முன் எழும்பி, சமைத்து, பெரட்டுக்கு ஓடி, பகல் முழுக்க மலையில் நின்று, மாலை வந்து தண்ணீர் தூக்கி, விறகு வெட்டுகிற ஒரு தாயிடம் போய், "பிள்ளையோடு மணிக்கணக்கில் பேசுங்கள்" என்று சொல்ல நமக்கு வாய் வராது. பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் அப்பாவுடையதாகவும் இருக்கலாம். பிள்ளை கெட்டால் தாயைக் குறை சொல்வதும், பிள்ளை தேறினால் அப்பா மீசையை முறுக்குவதும் போதும் என்று நினைக்கிறோம். தேத்தண்ணி குடிக்கும்போது, விறகுக்குப் போகும்போது, பக்கத்தில் நடந்துகொண்டே கேளுங்கள். முகத்துக்கு நேரே உட்கார வைத்து "சொல்லு, என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேட்டால் பிள்ளைக்குப் பொலிஸ் விசாரணை மாதிரி இருக்கும். "இண்டர்வெல்ல யாரோட சாப்பிட்ட?" என்று ஒரு சின்னக் கேள்வி போதும். அதற்கு வருகிற பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பிள்ளை சொல்லத் தொடங்கியதும் நாம் செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, "நீ என்ன செஞ்ச? நீ சும்மா இருந்தா அவன் ஏன் அடிக்கப் போறான்?" என்று குறுக்கே கேட்பது. அன்றோடு பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். இரண்டாவது, உடனே எழும்பிச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மற்ற வீட்டுக்குப் போவது. பிள்ளை அதற்கும் பயப்படும். தான் வாய் திறந்தால் லயமே சண்டையாகும் என்று தெரிந்த பிள்ளை எதையும் சொல்லாது.

அம்மா வெளிநாட்டில் இருக்கிற, அப்பாயியோ அம்மாயியோ வளர்க்கிற பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள். அந்தத் தாய்மார் யாரும் ஆசைக்குப் போகவில்லை. ஆனால் "ஒங்கம்மா ஓடிப்போயிட்டா" என்று அந்தப் பிள்ளையிடம் வகுப்பில் சொல்வார்கள். போனில் பேசும்போது அம்மா அழுதுவிட்டால், அடுத்த முறை பிள்ளை "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லும். அதனால் இங்கே இருக்கிற ஒரு சித்தி, ஒரு பெரியம்மா, ஒரு மாமா, "இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு" என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பிள்ளைக்குப் பழக்கிக் கொடுப்பது. "திருப்பி அடிச்சிட்டு வா" என்று நிறைய அப்பாமார் சொல்கிறார்கள். ரோஷத்தில் சொல்வது. ஆனால் தனியாக இருக்கிற பிள்ளை நான்கு பேரை எப்படி அடிக்கும்? மூன்று மாதம் வாங்கிய அடியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், அது திருப்பி அடிக்கும் ஒரு அடியை டீச்சர் பார்ப்பார். தண்டனை இதற்கு வரும்.

அதற்குப் பதிலாக வாய்க்கு வார்த்தை கொடுங்கள். "அப்படிக் கூப்பிடாத. எனக்குப் பேரு இருக்கு, பேரச் சொல்லு." இதைக் குரல் நடுங்காமல் சொல்லி, நாலு பேர் நிற்கிற பக்கமாக நடந்து போகப் பழக்குங்கள். கூத்துக்கு ஒத்திகை பார்ப்பதில்லையா? அந்த மாதிரி, இஸ்தோப்பில் அப்பா அந்தப் பையனாக நடிக்க, பிள்ளை பதில் சொல்லட்டும். பத்துத் தரம் வீட்டில் சொன்ன வார்த்தைதான் ஒரு தரம் வெளியில் வரும். பெரியவரிடம் போய்ச் சொல்வது கோள் சொல்வது ஆகாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். ஒருவனை மாட்டிவிடச் சொல்வது கோள். ஒருவர் காயப்படாமல் இருக்கச் சொல்வது முறைப்பாடு.

விளையாட்டில் சேரத் தெரியாத பிள்ளைக்கும் வழி இருக்கிறது. கிரிக்கெட் நடக்கிற இடத்தில் போய் "எனக்கு பேட் தா" என்று நின்றால் யாரும் தர மாட்டார்கள். முதலில் கொஞ்ச நேரம் பார்க்கட்டும். பந்து தேயிலைக்குள் போனால் ஓடித் தேடி எடுத்துக் கொடுக்கட்டும். "நல்லா அடிச்ச" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் "நான் அந்தப் பக்கம் நிக்கவா?" என்று கேட்கட்டும். இரண்டு மூன்று நாளில் தானாகச் சேர்த்துக்கொள்வார்கள். நமக்கு இது சின்ன விஷயம். அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தராத விஷயம்.

பத்து நண்பர்கள் வேண்டாம், ஒருவர் போதும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு பிள்ளையை வீட்டுக்கு வரச் சொல்லி ரொட்டியும் சம்பலும் கொடுங்கள். இரண்டு பேரையும் மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்புங்கள். கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். காமன் கூத்திலும் கோயில் திருவிழாவிலும் தனியாக நிற்கிற பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். தப்பைத் தூக்கி வரட்டும், பந்தம் பிடிக்கட்டும். "இவன் இல்லாமல் நடக்காது" என்று நாலு பேர் முன்னால் ஒரு தரம் சொன்னால், அந்தப் பிள்ளை அதை நெடுநாள் நெஞ்சில் வைத்திருக்கும்.

பட்டப்பெயரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தா, பாட்டிமாரை நாடற்றவர்களாக ஆக்கியது. பிரஜாவுரிமைப் பிரச்சினையை முடிக்க 2003 வரை சட்டத்துக்கு மேல் சட்டம் வர வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் நம்மைக் "கள்ளத்தோணி" என்றார்கள். அந்தச் சொல் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருந்ததில்லை, ஆட்களின் வாயில் இருந்தது. சட்டம் மாறிய பிறகும் அதன் வலி போகவில்லை. ஒரு பெயர் மனிதனை என்ன செய்யும் என்று நமக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நாம் நம் வாசலில் உட்கார்ந்துகொண்டு "கருவாயன்", "திக்குவாய்", "நொண்டி" என்கிறோம். கோபம் வந்தால் சாதிப் பேரையும் இழுக்கிறோம். பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாலை இஸ்தோப்பில் நாம் சொன்னது மறுநாள் வகுப்பறையில் ஒரு பிள்ளையின் தலையில் விழுகிறது. டவுன்காரன் நம் பிள்ளையைத் "தோட்டக்காட்டான்" என்று சொல்லக் கூடாது என்றால், நாமும் பக்கத்துக் காம்பராப் பிள்ளையை அப்படிச் சொல்லக் கூடாது.

இதோடு சேர்ந்ததுதான் அடுத்தது. சில நேரம் மற்றப் பிள்ளையைத் துன்புறுத்துவது நம் பிள்ளையாக இருக்கும். அதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கும். "என் பிள்ளை அப்படிச் செய்யாது" என்று வாசலை மூட வேண்டாம். பச்சை மட்டையை எடுத்து விளாசவும் வேண்டாம். அடி வாங்கிய பிள்ளை, தன்னைவிடச் சின்னவனை அடிக்கலாம் என்பதைத்தான் கற்றுக்கொள்ளும். என்ன நடந்தது என்று கேட்டு, போய் மன்னிப்புக் கேட்க வைத்து, உடைத்ததையோ கிழித்ததையோ திருப்பிக் கொடுக்க வையுங்கள். வீட்டில் குடித்துவிட்டு அடிக்கிறவர் இருந்தால், அதைப் பார்த்து வளரும் பிள்ளை என்ன செய்யும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

பாடசாலைக்கு வருவோம். "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க" என்று எங்களிடம் பிள்ளையை விட்டுப் போகிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். பாடசாலையில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கையே இருக்கிறது. அதை எங்களுக்கு நினைவுபடுத்துகிற பெற்றோராக வாருங்கள். வகுப்பாசிரியரிடம் முதலில் பேசுங்கள். கையில் எழுதிக்கொண்டு வாருங்கள்: எந்தத் திகதி, எந்த இடம், யார் யார். "எல்லாரும் எப்பவும் செய்றாங்க" என்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. "செவ்வாய்க்கிழமை இண்டர்வெல்லில், தண்ணி டேப் பக்கத்தில்" என்றால் புதன்கிழமை அந்த இடத்தில் ஒரு ஆசிரியர் நிற்கலாம். இருக்கையை மாற்றலாம், நல்ல மனதுள்ள ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்து கேளுங்கள். பயன் இல்லை என்றால் அதிபரிடம் போங்கள். எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வந்து பேசுங்கள். எழுதத் தெரியவில்லை, தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்றால் தோட்டத் தலைவரையோ மாதர் தலைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள். சந்தா கட்டுவது இதற்கும் சேர்த்துத்தான்.

காயம் வரும் அளவுக்கு அடி, பணம் பறித்தல், பாலியல் ரீதியான தொந்தரவு, போனில் படம் எடுத்துப் பரப்புதல் இதெல்லாம் நடந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம், காசு இல்லை, தமிழில் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பிள்ளை "செத்துப் போயிடலாம் போல இருக்கு" என்று ஒரு தரம் சொன்னாலும் சும்மா சொல்கிறது என்று விட வேண்டாம். தனியாக விடாதீர்கள். மருந்து, கிருமிநாசினிப் போத்தல்களைப் பூட்டி வையுங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, இந்தக் கூட்டம் தீர்மானமாக எடுக்க வேண்டியவை என்று நாங்கள் மூன்றை முன்வைக்கிறோம். பிள்ளைகளின் சண்டைக்காக எந்தப் பெரியவரும் மற்ற வீட்டு வாசலுக்குச் சண்டைக்குப் போகக் கூடாது. மாதர் தலைவியும் இரண்டு பெற்றோரும் ஒரு பொது இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டாவது, ஜனவரியில் டவுன் பாடசாலைக்குப் போகத் தொடங்கும் பிள்ளைகள் தனித்தனியாகப் போகாமல் கூட்டமாகப் போக வேண்டும். தரம் 9, 10 படிக்கிற அண்ணன்மார், அக்காமார் இரண்டு பேர் முதல் மூன்று மாதம் அவர்களோடு பஸ்ஸில் போகப் பொறுப்பெடுக்க வேண்டும். மூன்றாவது, ஒரு பிள்ளை தொடர்ந்து ஐந்து நாள் பாடசாலைக்கு வராவிட்டால் நாங்கள் தோட்டக் கமிட்டிக்குச் சொல்வோம். கமிட்டியில் ஒருவர் அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய், அதட்டாமல், என்ன விஷயம் என்று விசாரிக்க வேண்டும்.

ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு நாம் பல வருடம் ரோட்டில் நின்றோம். 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அத்தனை வருடம் காத்திருக்க ஒரு பிள்ளைக்கு நேரமில்லை. தரம் 6 ஒரு வருடத்தில் முடிந்துவிடும். ஆகவே அடுத்த ஜனவரிக்குள் செய்ய வேண்டும். இன்றைக்கே இந்த மூன்றையும் வாக்குக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறோம். கேள்வி இருக்கிறவர்கள் கேளுங்கள். எல்லார் முன்னிலையிலும் கேட்க முடியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் தனியாக வாருங்கள், இருந்து பேசிவிட்டுத்தான் போவோம்.